காசில்லாமல் கட்டிய வீடுகளும், எண்ணாமல் விட்ட ஓட்டுகளும்

டீச்சர் என்று கூப்பிடுகிறவர்களுக்கும், அத்தை, சித்தி, பெரியம்மா என்று கூப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்காக ஓர் இணையப் பக்கம் வேண்டும், விழாப் பணத்தில் என்ன செய்யலாம் என்று ஒரு கருத்துக்கணிப்பும் வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? இரண்டு மாதமாக இதற்கான இலவசக் கருவிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து வருகிறேன். "எது நல்லது டீச்சர், ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று சிலர் கேட்டீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், எதை நம்பலாம், எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தானே விளங்கிவிடும். பதிவு நீளம். வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வீடு கட்டிய கதை.

உலகளாவிய வலை என்பதை டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1991இல் அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஓர் அறிவிப்பு செய்தது: இந்த வலை நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். இன்று நாம் "இலவசம்" என்று சொல்வதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. ஊர்க் கிணற்றுக்குப் பூட்டுப் போடாமல் விட்டதுபோல.

ஆனால் கிணறு பொதுவாக இருந்தாலும் குடம் வேண்டுமே! பக்கம் எழுதினால் அதை வைக்க ஒரு சர்வர் வேண்டும். அது பல்கலைக்கழகங்களிடமும் பெரிய நிறுவனங்களிடமும்தான் இருந்தது. 1994இல் அமெரிக்காவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதுதான் பிறகு ஜியோசிட்டீஸ் என்ற பெயரில் புகழ்பெற்றது. சாதாரண மனிதருக்கு இணையத்தில் இலவசமாக ஒரு மனை கொடுப்பது அவர்கள் திட்டம். அந்த மனைகளை ஊர் மாதிரியே பிரித்திருந்தார்கள். சினிமா பற்றி எழுதுகிறவர்களுக்கு ஹாலிவுட், கணினிக்காரர்களுக்கு சிலிக்கான் வேலி, கல்வியும் தத்துவமும் எழுதுகிறவர்களுக்கு ஏதென்ஸ் என்று பேட்டைகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கதவு எண் உண்டு. ஓர் ஆசிரியர் பக்கம் தொடங்கினால் ஏதென்ஸ் பேட்டையில் இத்தனையாம் எண் வீட்டில் குடியேறுவார். படிக்கும்போதே எனக்கு ஆசையாக இருந்தது!

அதே காலத்தில் டிரைபாட், ஏஞ்சல்ஃபயர் என்று இதே வகை இலவச இடங்கள் இன்னும் வந்தன. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அப்போது நம் பள்ளியில் தொலைபேசியே கிடையாது.

ஜியோசிட்டீஸ் வேகமாக வளர்ந்தது. 1999 ஜனவரியில் யாஹூ அதை 350 கோடி டாலருக்கும் மேலான மதிப்புக்கு வாங்குவதாக அறிவித்தது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு சண்டை வந்தது. பயனர்கள் பதிந்த எழுத்தையும் படத்தையும் யாஹூ விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று பொருள்படும் ஒரு புதிய விதியைப் போட்டார்கள். குடியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். தங்கள் பக்கங்களின் வண்ணத்தையெல்லாம் எடுத்துவிட்டுச் சாம்பல் நிறமாக்கி எதிர்ப்புக் காட்டினார்கள். நிறுவனம் விதியை மாற்றிக்கொண்டது.

பத்து வருடம் கழித்து வந்ததுதான் பெரிய அடி. 2009 ஏப்ரலில் மூடப்போவதாக அறிவித்தார்கள். அக்டோபர் 26 அன்று மூடிவிட்டார்கள். கோடிக்கணக்கான பக்கங்கள். இறந்துபோன மகனின் நினைவுப் பக்கம், ஊர் வரலாறு, குடும்ப மரம், சமையல் குறிப்பு, எல்லாம் அதில் இருந்தன. கடைசி நேரத்தில் ஜேசன் ஸ்காட் என்பவரோடு சேர்ந்த ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாகப் பிரதி எடுத்தது. அவர்கள் காப்பாற்றியது 600 ஜிபிக்கும் மேல். இன்று அது ஒரு சின்ன வட்டில் அடங்கிவிடும் அளவு. அந்தச் சின்ன வட்டு அளவுக்குக்கூட இடம் கொடுக்க ஒரு பெரிய நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. ஜப்பான் நாட்டு ஜியோசிட்டீஸ் மட்டும் 2019 மார்ச் வரை ஓடிற்று.

இப்போது தமிழுக்கு வருவோம்.

1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் எழுத்து இணையத்தில் ஏறியது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் பணி அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அந்த மாநாட்டோடு ஒட்டி வந்ததுதான். நான் இப்போது தட்டிக்கொண்டிருப்பதும் அதில்தான்.

அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களில் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் ஏதோ மந்திரம் மாதிரி கோணல் மாணலான எழுத்துகள் ஓடும். யூனிகோடு பரவிய பிறகுதான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தடையில்லாமல் படிக்க முடிந்தது. அந்த நேரம் பார்த்து பிளாக்கர் வந்து வாய்த்தது. 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கிய அதை 2003இல் கூகுள் வாங்கியது. எச்.டி.எம்.எல். தெரிய வேண்டாம், காசு வேண்டாம். தமிழில் வலைப்பதிவுகள் மளமளவென்று பெருகின. அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக் காட்ட 2004இல் காசி ஆறுமுகம் அவர்கள் தமிழ்மணம் திரட்டியைக் கொண்டு வந்தார். பத்திரிகை ஆபீஸ் வாசலை மிதிக்காத எத்தனையோ பேர் அப்படித்தான் எழுத்தாளர் ஆனார்கள்.

இன்னொரு பக்கம் யாஹூ குழுமங்கள். ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் என்றெல்லாம் தமிழ்க் குழுமங்கள் இருந்தன. இலக்கியமும் இலக்கணமும் அங்கே சண்டையும் சமாதானமுமாக நடந்தன. கடிதங்கள், கோப்புகள், படங்கள் எல்லாம் அந்தக் கிடங்கில். கருத்துக்கணிப்பு நடத்தும் வசதியும் அதில் உண்டு. 2019 இறுதியில் பழைய கோப்புகளை எடுத்துவிட்டார்கள். 2020 டிசம்பர் 15 அன்று முழுவதுமாக மூடிவிட்டார்கள். உங்களில் பலர் கல்லூரி நாட்களில் ஆர்குட்டே கதி என்று கிடந்தீர்களே, அதுவும் 2014 செப்டம்பர் 30 அன்று போய்விட்டது.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். இலவச மனை என்பது பட்டா நிலம் அல்ல, புறம்போக்கும் அல்ல. அது வாடகை வாங்காத வாடகை வீடு. வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது பெட்டி படுக்கையோடு கிளம்பத் தயாராக இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

நான் முயன்று பார்த்தவற்றில் கூகுள் சைட்ஸ் நமக்குப் போதுமானது என்று படுகிறது. 2008இல் வந்தது, 2016இல் புது வடிவம் எடுத்தது. படம், எழுத்து, வரைபடம் எல்லாவற்றையும் இழுத்து வைத்தால் பக்கம் தயார். விளம்பரம் வராது. செல்போனிலும் சரியாகத் தெரிகிறது. வேறு சில கருவிகள் பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் இலவசத்தில் நம் பள்ளிப் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் நிற்கிறது. ஒன்றில், நம் காந்தி ஜெயந்திப் படத்துக்குக் கீழே கடன் வாங்கச் சொல்லி ஒரு விளம்பரம் வந்தது. வேண்டாம் என்று மூடிவிட்டேன்.

இனி ஓட்டு எண்ணிய கதை.

கருத்துக்கணிப்பு என்றதும் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் "நாமெல்லாம் குடவோலை கண்டவர்கள் அத்தை" என்றான். சந்தோஷம். ஆனால் குடவோலையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது சீட்டுக் குலுக்கல். யாருக்கு அதிக ஓட்டு என்று எண்ணிய தேர்தல் அல்ல. குடத்துக்குள் ஓலை போவதற்கும் நிபந்தனைகள் இருந்தன. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், வேதப் பயிற்சி. அது பிராமணர் சபை. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கி வைத்த விதியை இன்றும் பாராட்டலாம். ஆனால் அந்த நிலத்தில் உழுதவரின் பெயர் ஓலையில் ஏறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடத்திலிருந்து யார் பெயர் வந்தது என்று பார்ப்பதற்கு முன், குடத்துக்குள் யார் பெயர் போயிற்று என்று பார்க்க வேண்டும். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அதை வையுங்கள்.

இதே பாடம் அமெரிக்காவில் 1936இல் நடந்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்று ஒரு புகழ்பெற்ற பத்திரிகை. அதிபர் தேர்தலுக்கு முன் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார், ரூஸ்வெல்ட் தோற்பார் என்று கணித்தார்கள். நடந்ததோ நேர்மாறு. 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கு. காரணம் என்ன? முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் பெருமளவு எடுத்திருந்தார்கள். பெரும் பஞ்ச காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார்? வசதியுள்ளவர். போதாததற்கு, அட்டை கிடைத்தவர்களிலும் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான் திருப்பி அனுப்பினார்கள். ஆட்சி மேல் கோபம் உள்ளவர்தான் மெனக்கெட்டு எழுதிப் போடுவார். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப், இதைவிட மிகக் குறைந்த ஆட்களை, பலதரப்பினரும் வரும்படி பார்த்துக் கேட்டு, ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். லட்சக்கணக்கில் எண்ணிக்கை இருந்தும் பத்திரிகை தோற்றது. இரண்டு வருடத்தில் அந்தப் பத்திரிகையே நின்றுபோயிற்று.

நம் ஊரில் நடந்தது ஒன்றும் சொல்கிறேன். 2007இல் "தாஜ்மஹாலுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று எஸ்.எம்.எஸ். பறந்தது நினைவிருக்கிறதா? என் வகுப்பில் ஒரு பையன், அப்பா போனிலிருந்து ஒரே நாளில் பல முறை போட்டதாகப் பெருமையாகச் சொன்னான். ஜூலை 7 அன்று லிஸ்பனில் முடிவை அறிவித்தார்கள். தாஜ்மஹால் ஏழில் ஒன்றாக வந்தது. 10 கோடி ஓட்டு என்றார்கள் நடத்தியவர்கள். ஆனால் யுனெஸ்கோ, இது தனியார் முயற்சி, இணைய வசதி உள்ளவர்களின் கருத்து மட்டுமே, உலகத்தின் கருத்து ஆகாது என்று விலகிக்கொண்டது. தாஜ்மஹால் அழகுதான், அதற்கு ஓட்டு தேவையில்லை. ஒருவரே பல ஓட்டுப் போடலாம் என்றால் அந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்பதுதான் விஷயம்.

2016இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் வைக்க இணையத்தில் ஓட்டு நடத்தினார்கள். போட்டி மெக்போட்ஃபேஸ் என்ற கேலிப் பெயர் ஒரு லட்சத்து 24 ஆயிரம் ஓட்டு வாங்கி முதலில் வந்தது. கடைசியில் கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்துவிட்டு, அதில் போகும் சிறு நீர்மூழ்கிக்கு அந்தக் கேலிப் பெயரைக் கொடுத்தார்கள். கேட்ட பிறகு பதிலை மாற்றுவதானால், கேட்கும்போதே "இது ஆலோசனை மட்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கருவிகளின் வரலாறு சுருக்கமாக. 1999இல் சர்வேமங்கி. சுவிட்சர்லாந்தில் நண்பர்களோடு சாப்பிட நாள் குறிக்கப் பிறந்தது டூடுல். 2008இல் கூகுள் ஃபார்ம்ஸ், கூகுள் விரிதாளின் ஒரு பகுதியாக வந்தது. 2022இல் வாட்ஸாப்பிலேயே கருத்துக்கணிப்பு வந்துவிட்டது. எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறுபாடு எங்கே? வாட்ஸாப்பில் யார் எதற்குப் போட்டார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். பெரிய மாமா ஒன்றைத் தொட்டுவிட்டால், மருமகப்பிள்ளைகள் வேறு எதையும் தொடமாட்டார்கள். இது நம் வீட்டு வழக்கம். கூகுள் ஃபார்மில் பெயர் கேட்காமல் நடத்தலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று கட்டுப்படுத்த வேண்டுமானால் ஜிமெயிலில் நுழையச் சொல்லும். நம் ஊரில் பலருக்கு அந்த முகவரி, போன் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும்!

இப்போது நம் விஷயம். போன மாதம் முன்னாள் மாணவர் குழுவில் நம் பிள்ளை ஒருவர் ஆர்வத்தோடு கருத்துக்கணிப்புப் போட்டார். நூற்றாண்டுப் பணத்தில் நுழைவு வளைவு, வாசிப்பு அறை, கழிப்பறை, ஸ்மார்ட் வகுப்பு, இவற்றில் எது? வளைவு முன்னால் நிற்கிறது. போட்டவர்கள் சென்னை, திருப்பூர், துபாய், சிங்கப்பூரில் இருப்பவர்கள். எல்லோரும் பள்ளிமேல் உயிரை வைத்திருப்பவர்கள்தான், மாதச் சம்பளத்திலிருந்து பணம் எடுத்துவைப்பவர்களும் அவர்களே. அவர்கள் ஆசையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இன்று அந்தப் பள்ளியில் பிள்ளையை விட்டிருக்கும் ஒரு தாய்கூட அந்தக் குழுவில் இல்லை. அவர்களில் பலருக்குத் தனி போன் கிடையாது. இருப்பது கணவரிடமோ, பெரிய பையனிடமோ. சத்துணவு அம்மாவிடம் கேட்டேன். பெண் பிள்ளைகள் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் இருந்து, நான்கு மணிக்கு வீட்டுக்கு ஓடுவதாகச் சொன்னார். வளைவுக்குக் கீழே அவர்கள் எவ்வளவு வேகமாக ஓடுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு வழி நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல். தேர்தல் ஆணையர் சுகுமார் சென். 17 கோடிக்கும் மேல் வாக்காளர்கள், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். என்ன செய்தார்கள்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். எழுதத் தெரிய வேண்டாம், படம் தெரிந்தால் போதும். அதே தேர்தலில் ஒரு வருத்தமும் உண்டு. வடமாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே சொன்னதால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் பெயரோடு வர வேண்டும் என்பதற்காகத்தான் ஆணையம் அந்தக் கண்டிப்பைக் காட்டியது. ஆனாலும் அந்த ஒரு முறை அவர்கள் ஓட்டு எண்ணப்படவில்லை.

ஆகவே என் யோசனை இது.

ஒன்று. கருத்துக்கணிப்பை இரண்டு வழியில் நடத்துவோம். வெளியூர்க்காரர்களுக்குப் பெயர் கேட்காத கூகுள் ஃபார்ம். ஊரில் இருப்பவர்களுக்குப் பள்ளியில் நான்கு அட்டைப் பெட்டி, ஒவ்வொன்றிலும் படம். பெற்றோர் கூட்டத்தன்று ஒரு தாய்க்கு ஒரு சீட்டு. படங்களை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே வரைவார்கள்.

இரண்டு. முடிவை இரண்டு பட்டியலாகத் தனித்தனியே வெளியிடுவோம். கலந்து கூட்டினால் வெளியூர் எண்ணிக்கை ஊர் எண்ணிக்கையை விழுங்கிவிடும். இரண்டும் வேறுபட்டால் உட்கார்ந்து பேசுவோம். பேசுவதற்கு ஓட்டு உதவட்டும், பேச்சை மூடுவதற்கு அல்ல.

மூன்று. இணையப் பக்கத்தில் ஏற்றும் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. பழைய குழுப் படங்கள், தலைமையாசிரியர் வரிசை, 1950களின் வருகைப் பதிவேட்டுப் பக்கங்கள் ஆகியவை இணையத்தில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, தாளில் அச்சிட்டுப் பள்ளி பீரோவில் ஒன்று. பக்கம் முடிந்ததும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுவோம். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய நூலகம் அது. ஆர்க்கைவ் டீம் நமக்காக ஓடி வராது, நாமே முன்கூட்டி ஓடிவிட வேண்டும். இப்போது படிக்கும் பிள்ளைகளின் படமோ போன் எண்ணோ ஏற்றக் கூடாது.

நான்கு. பக்கத்தின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். எனக்கு வயதாகிறது. ஊரில் ஒருவர், வெளியூரில் ஒருவர், இப்போதைய ஆசிரியர் ஒருவர் என மூவருக்குத் திருத்தும் உரிமை கொடுத்துவிடலாம்.

வளைவுதான் வரும் என்றால் வரட்டும். அந்தத் தாய்மார்களும் வளைவே கேட்டால் நானே முதல் செங்கல் தூக்கித் தருகிறேன். அவர்களைக் கேட்டுவிட்டோமா என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும். கேள்வி கேட்டால் கடைசி பெஞ்சையும் கேட்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வருடம் அதைத்தான் செய்தேன்.

பெட்டி செய்ய அட்டை, பென் டிரைவ், அச்சிடும் செலவு ஆகியவற்றில் யார் எதை ஏற்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். வீட்டில் பழைய குழுப் படம் இருந்தால், அதில் நிற்பவர்கள் பெயரை அம்மா அப்பாவிடம் இப்போதே கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் குறித்து வையுங்கள். பெயர் தெரியாத படத்தை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்